அக்கா போட்ட மியூசியம் திட்டம்

மெட்ராஸில் சிலைகளும் ஓவியங்களும் இருக்கிற அந்தப் பெரிய மியூசியத்துக்குப் போவதென்று எங்கள் வீட்டில் முதன்முதலில் திட்டம் போட்டவள் என் அக்கா. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தாள். காரைக்காலிலிருந்து பேரளத்துக்கு எத்தனை மணிக்கு ரயில், மாயவரத்தில் எதைப் பிடிக்க வேண்டும், எழும்பூரில் இறங்கி எந்தப் பக்கம் நடக்க வேண்டும், உள்ளே போனதும் முதலில் எந்தக் கட்டடம், கடைசியில் எது என்று அத்தனையும் அதில் இருந்தது. வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்துக்கு நேராக மட்டும் "இங்கே ஒரு மணி நேரம் உட்காரணும்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். உட்கார அங்கே இடம் இருக்குமா என்று கேட்டேன். "தரை இருக்குமில்ல" என்றாள்.

அவள் மெட்ராஸைப் பார்த்ததே இல்லை. போய்வந்தவர்களிடம் துருவித் துருவிக் கேட்டு எழுதியது அது. கல்லூரிச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னபோது அம்மா விடவில்லை. "வயசுப் பொண்ணு ராத்திரி ரயில்லல்லாம் போவ வேணாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றுவிட்டாள். நானாக இருந்தால் மூன்று நாள் சாப்பிடாமல் வீட்டை இரண்டாக்கியிருப்பேன். அக்கா சண்டையே போடவில்லை. நோட்டை மூடித் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். அடுத்த வருஷம் அவள் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசியில் அடித்த புயலை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊர் காரைக்காலுக்கு மேற்கே, அரசலாற்றங்கரையில். ஆறு கரையை உடைத்துக்கொண்டு வருகிறது என்று கூச்சல் கேட்டதும், கொல்லைக் கடைசியில் கட்டியிருந்த செவலைக் கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட அக்கா ஓடினாள். கன்றுக்குட்டி வந்துவிட்டது. அதன் கழுத்துக் கயிறு அறுந்திருக்கவில்லை, முடிச்சு அவிழ்க்கப்பட்டிருந்தது. அவள் வரவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு அப்பாவும் ஊர்க்காரர்களும் ஆற்றோரம் முழுக்கத் தேடினார்கள். ஆறு கொண்டுபோனதைக் கடல் ஒதுக்கிவிடும் என்று யாரோ சொன்னார்கள். அப்பா எட்டு நாள் காரைக்கால்மேட்டுக்குச் சைக்கிளில் போய், மீன் ஏலம் விடுகிற இடத்தில் நின்று, கரைக்கு வந்த ஒவ்வொரு படகிலும் விசாரித்தார். ஒன்பதாம் நாள் அவர் போகவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாமல் இறந்த பெண்ணை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். ஆற்றங்கரைக்குப் போய், பம்பைக்காரர் பம்பை அடிக்க, பித்தளைச் சொம்பில் தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டு, பெற்றவள் அவள் பெயரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிட வேண்டும். கூட வந்த பெண்களில் யாராவது ஒருத்தி மேல் அவள் இறங்கி "வர்றேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டுச்சாமியாக வைத்துவிடுவார்கள். அப்புறம் வருஷா வருஷம் அவளுக்குப் புதுத்துணி, படையல் எல்லாம் உண்டு. பதில் வராவிட்டால் சொம்பைத் தூக்கக் கூடாது.

வருஷம் திரும்பியதும் அப்பா இதற்கு ஏற்பாடு செய்தார். அம்மா அரை மனசாக வந்து கூப்பிட்டாள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கூடப் பிறந்தவள், இரண்டு வயதுதான் இளையவள், பார்க்க அச்சு அசல் அவளேதான். வந்தால் என் மேல்தான் வர வேண்டும். நான் அப்போது பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். இந்தக் கூத்துக்கெல்லாம் நான் ஆளில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பம்பைச் சத்தத்தில் தொண்டைக்குள் ஏதோ ஏறி ஏறி வந்தது. பயந்துபோய் அதை விழுங்கினேன். மூன்று தரம் கூப்பிட்டும் பதில் இல்லை. பம்பைக்காரர் தண்ணீரை ஆற்றிலேயே ஊற்றச் சொல்லிவிட்டு, "இந்த ஆத்துல அவ இல்லம்மா" என்றார்.

அம்மா அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். "ஆத்துல இல்லன்னா வேற எங்கயோ இருக்கான்னுதானே அர்த்தம்" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவுக்குத் தாழ் போடுவது நின்றுபோயிற்று. காற்றடித்தால் அது தானாகத் திறக்கும், தானாக மூடும். ஒவ்வொரு தடவையும் அம்மா தலையைத் தூக்கிப் பார்ப்பாள். அப்புறம் நானும் பார்க்க ஆரம்பித்தேன். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

இப்படியே அக்கா போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. எனக்குத் திருநள்ளாறு பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. "மூத்தவள வீட்டுச்சாமியா கூப்புட்டு வைக்காம சின்னவளுக்கு ஒரு நல்லது பண்ண முடியாது" என்றார் அப்பா. "உசுரோட இருக்கறவள எப்படிங்க சாமியா கூப்புடுறது?" என்றாள் அம்மா. அதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சு நகரவில்லை. எனக்குக் கல்யாணத்துக்கு ஒன்றும் அவசரமில்லை. ஆனால் அம்மா உருக்குலைந்துகொண்டிருந்தாள். தூங்குவதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை, கோயிலுக்குப் போவதில்லை. அக்கா செத்தவளாகவும் இல்லாமல் இருப்பவளாகவும் இல்லாமல் இருக்கும் வரைக்கும் அம்மாவும் அப்படித்தான் இருப்பாள் என்று எனக்குப் புரிந்திருந்தது. அவள் எப்போது "போய்விட்டாள்" என்று வாயால் சொல்வாள் என்று காத்திருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் நான் ஒரு காரியம் செய்தேன்.

அரசாங்க வேலைக்கான பரீட்சை ஒன்றை எழுதப் பாண்டிச்சேரி போக வேண்டியிருந்தது. காரைக்கால்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் பாண்டிச்சேரிதான். அங்கே கல்லூரித் தோழி வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டேன். பரீட்சைக்கு மறுநாள் நானும் அவளும் யாரிடமும் சொல்லாமல் விடியற்காலை பஸ்ஸில் மெட்ராஸ் போனோம். அவளுக்குக் கடைத்தெரு, எனக்கு மியூசியம். வீட்டை விட்டுக் கிளம்புமுன் அக்காவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து அவளுடைய அரக்குத் தாவணியையும் கடுகு நிறப் பாவாடையையும் என் பைக்குள் அமுக்கி வைத்திருந்தேன். நான் புடவைக்கு மாறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் போட்ட திட்டம், அவள் போகாத இடம், அவள் துணியாவது போய்வரட்டும் என்று தோன்றியது. அன்று அதைத்தான் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வெளியே சொன்னால் படித்த பெண் பேசுகிற பேச்சா இது என்று சிரிப்பார்கள்.

தோழி என்னை வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். நோட்டில் இருந்த வரிசைப்படியே பார்த்தேன். வெண்கலக் கூடத்தில் கூட்டமே இல்லை. ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். காவல்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். பெட்டிக்குள் ஓர் அம்மன், இடுப்பை ஒடித்து நின்றுகொண்டிருந்தாள். எங்கள் பக்கத்து ஊர்க் கோயில்களில் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டுத் துணியுமாகப் பார்த்துப் பழகிய தெய்வம், இங்கே ஒரு பொட்டுப் பூ இல்லாமல், குங்குமம் இல்லாமல் நின்றது. பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. கண்ணாடியில் என் முகம் அந்தச் சிலையின் மேல் விழுந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அந்த முகத்துக்கு என்னைவிட வயது குறைவு என்று தோன்றியது. அக்கா போனபோது அவளுக்கு இருபது. எனக்கு இப்போது இருபத்திரண்டு. அவளை நான் தாண்டி வந்துவிட்டேன் என்பது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

அப்போது பின்னாலிருந்து யாரோ அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

திரும்பிப் பார்த்தேன். எங்கள் எதிர்வீட்டு மாமா. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் குமாஸ்தாவாக இருப்பவர். ஏதோ ஆபீஸ் காரியமாக மெட்ராஸ் வந்து, ரயிலுக்கு நேரம் இருந்ததால் பக்கத்திலேயே இருக்கும் மியூசியத்துக்கு வந்திருக்கிறார். கூடத்தின் அந்தக் கோடியில், கையில் குடையோடு, முகம் வெளுத்துப்போய் நின்றார். பாண்டிச்சேரியில் இருக்க வேண்டியவள் மெட்ராஸில் நிற்கிறேன் என்று வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் அப்போது இருந்த ஒரே பயம். எழுந்து, தூண் மறைவில் புகுந்து, பக்கத்துக் கதவு வழியாக ஓடிவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

ஊருக்கு வந்ததும், அம்மா வயலுக்குச் சோறு கொண்டுபோன நேரம் பார்த்து, தாவணி பாவாடையை மடித்துப் பெட்டியில் பழையபடி வைத்தேன். மடிக்கும்போது பாவாடையின் கீழ் ஓரம் சில்லென்று ஈரமாக இருந்தது. மெட்ராஸில் அன்று மழை இல்லை. வழியில் எங்கேயாவது தேங்கிய தண்ணீரில் கால் வைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டு மாமா வந்தார். கொடுத்த காபியைத் தொடவில்லை. அவர் விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்ல மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். அந்த ஒரு காரணத்துக்காகவே ஆபீஸில் அவரை யாருக்கும் பிடிக்காது.

"தங்கச்சி, சொல்லலாமா வேணாமான்னு ஒரு மாசமா மனசப் போட்டு ஒழப்பிக்கிட்டு இருக்கேன்" என்றார். "மெட்ராஸ் மியூசியத்துல ஒங்க பெரிய பொண்ணப் பாத்தேன்."

அம்மா அழவில்லை, கத்தவில்லை. "என்ன துணி கட்டியிருந்தா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"அரக்குத் தாவணி. நம்மூரு தேருக்குக் கட்டிக்கிட்டு வருமே, அதான். பேரு சொல்லிக் கூப்புட்டேன். திரும்பிப் பாத்துச்சு."

அம்மா அறைக்குள் போய்விட்டு வந்தாள். அவள் முகத்தில் நாலு வருஷமாகக் காணாத ஒரு தெளிவு இருந்தது. "அங்கதான் போயிருப்பா. எத்தன தடவ கேட்டா, நான்தான் விடல" என்றாள். நான் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. பொய் சொல்லி மெட்ராஸ் போனதற்கு விழப்போகிற அடியை நினைத்துச் சும்மா இருந்தேன் என்று சொன்னால் பாதி உண்மைதான். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைத் திரும்பவும் அணைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அன்றைக்கே அம்மா திட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார். கடைசியில் "போய்ப் பாத்துட்டாவது வரட்டும்" என்று என்னைத் துணைக்குப் போகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். தெற்கே நாகூர், வடக்கே மாயவரம் தவிர எதையும் பார்த்திராத அம்மா, மெட்ராஸ் மியூசியத்துக்குப் போவதைப் பற்றி மூன்று வாரம் பேசினாள். உள்ளே விட எவ்வளவு வாங்குவார்கள், செருப்பை எங்கே விடுவது, தேங்காய் உடைக்கலாமா என்று கேட்டாள். அது கோயில் இல்லை அம்மா என்றேன். "அம்மன் இருக்குன்னியே?" என்றாள். அது அக்காவின் நோட்டில் இல்லை. அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது எப்போது என்று எனக்கே நினைவில்லை.

அதிரசம் சுட்டாள். தலைக்கு எண்ணெய் காய்ச்சினாள். "ஊரு ஊரா தண்ணி மாறிக் குளிச்சா முடி சிக்கு விழுந்து கெடக்கும்" என்றாள். புதுப் பாவாடைத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தாள். அளவுக்கு என்னை நிற்க வைத்தாள். தையல்காரர் என் இடுப்பை அளந்தபோது, "ரெண்டு விரக்கடை கொறச்சுக்கங்க. அவ இவ அளவுக்கு வளந்திருக்க மாட்டா" என்றாள் அம்மா. தையல்காரர் நாடாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அக்காவின் நோட்டை எடுத்து வந்து என்னைப் படிக்கச் சொல்வாள். ரயில், பிளாட்பாரம், வாசல், கட்டடம் என்று வரிசையாக நான் படிக்க அவள் மனப்பாடம் செய்தாள். நாலாவது பக்கத்தின் அடியில் அக்கா நட்சத்திரக் குறி போட்டு ஒரு வரி எழுதியிருந்தாள்: "வெள்ளிக்கிழமை விடுமுறை. மறந்துவிடக் கூடாது."

"வெள்ளிக்கெழம போய்ச் சேருறாப்புல பொறப்படுவோம்" என்று அம்மா முடிவு செய்திருந்தாள். வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்ப மாட்டார்கள். ஆனால் வீட்டுக்கு அழைத்து வருவதற்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. காரைக்காலில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். மியூசியத்துக்கு நாள் பார்த்துப் போவது எங்கள் வீட்டில்தான் நடக்கும்.

நான் அந்தக் கடைசி வரியைப் படிக்கவில்லை. ஒரு நாள் இல்லை, தினமும் விட்டுவிட்டுத்தான் படித்தேன். வேண்டுமென்றேதான் செய்தேன். உள்ளே போனால் அங்கே யாரும் இருக்கப்போவதில்லை. அம்மா ஒவ்வொரு கூடமாகத் தேடி, ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் பார்த்து, கடைசியில் வெறும் கையோடு நிற்பதை என்னால் கற்பனை செய்யக்கூட முடியவில்லை. பூட்டிய கதவு பரவாயில்லை என்று தோன்றியது. நாள் சரியில்லை என்று அதன் மேல் பழியைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடலாம்.

புறப்படுவதற்கு முதல் நாள் அம்மா எதிர்வீட்டு மாமாவைக் கூப்பிட்டு, எந்தக் கூடம், எந்த இடம் என்று மறுபடியும் சொல்லச் சொன்னாள். அவர் விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினார். இங்கே கதவு, இங்கே தூண், இந்தக் கண்ணாடிப் பெட்டி. எல்லாம் சரியாக இருந்தது. நான் உட்கார்ந்த இடத்தைத்தான் காட்டினார்.

"தங்கச்சி, இன்னொண்ணு. அன்னிக்கு அத நான் சொல்லல. சொல்லப் பயமா இருந்துச்சு" என்றார். "அது என்கிட்ட பேசுச்சு."

"என்ன பேசுனா?"

"நான் கூப்புட்டதும் எந்திரிச்சுத் தூணுக்கு அந்தாண்ட போயிடுச்சு. சரி, நம்ம கண்ணுதான் தப்புன்னு நானும் வெளிய வந்துட்டேன். வாசல் மரத்தடியில வந்து நிக்கிறேன், பக்கத்துல நிக்கிது. தலையெல்லாம் ஈரம். 'மாமா, செவலக் கன்னுக்குட்டி பொழச்சுதா?'ன்னு கேட்டுச்சு. பொழச்சுதும்மா, இப்ப அதுவே ஒரு ஈத்து ஈனிடுச்சுன்னு சொன்னேன். சிரிச்சுது. குடைய இந்தக் கைக்கு மாத்துறதுக்குள்ள ஆளக் காணும்."

அன்றைக்குப் பக்கத்துக் கதவு வழியாக ஓடியவள் நேரே சாலைக்குப் போய், தோழி வரும்வரை ஒரு கடைக்குள் ஒளிந்து நின்றேன். மரத்தடிக்கு நான் போகவே இல்லை. அவர் முகத்தையே பார்த்தேன். ஒரு ரூபாய் சில்லறை அதிகமாக வந்துவிட்டால் வெயிலில் இரண்டு மைல் நடந்து போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிற மனிதர். அவர் முகத்தில் பொய் இல்லை.

அன்று சாயங்காலம் கொல்லையில் தண்ணீர் காட்டும்போது, செவலைப் பசு வாளியிலிருந்து தலையைத் தூக்கிக் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. கதவு திறந்திருந்தது. காற்று இல்லை. வாளியை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் சின்ன ரயிலில் பேரளம் போய், மாயவரத்தில் மாறி ஏறினோம். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் இருந்தது. கூட்டம் ஏறியபோதும் அம்மா நகரவில்லை. "ஆளு வருது" என்று கையை வைத்து மறித்துக்கொண்டாள். போகிற ரயிலில் யாரும்மா வரப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது பதில் வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

எழும்பூரில் இறங்கி மியூசியம் என்றதும் ரிக்‌ஷாக்காரர், "செத்த காலேஜா? ஏறும்மா" என்றார். அந்தக் காலத்தில் மெட்ராஸில் அதற்கு அதுதான் பெயர். செத்த மிருகங்களையும் பழங்காலத்துப் பொருள்களையும் வைத்திருக்கிறார்கள் இல்லையா, அதனால் அப்படிச் சொல்கிறார்கள் என்று அம்மாவிடம் அவசர அவசரமாக விளக்கினேன். அம்மா, "தெரியுதுடி" என்றாள். அவ்வளவுதான். எதைத் தெரியும் என்றாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

வாசல் கதவில் பூட்டு தொங்கியது. நாங்கள் நிற்பதைப் பார்த்துக் காவல்காரர் உள்ளேயிருந்து வந்தார்.

"இன்னிக்கு வெள்ளிக்கெழம, லீவு. நாளைக்கு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் எதிர்பார்த்தது நடந்துவிட்டது. ஆனால் நிம்மதி வரவில்லை. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். சிவப்புக் கட்டடங்கள், பெரிய மரங்கள், ஆளில்லாத பாதை. மரத்தடியில் யாராவது நிற்கிறார்களா என்று நானும் பார்த்தேன். பார்க்கப் பயந்துகொண்டே பார்த்தேன். காலை வெயில்தான், பக்கத்திலேயே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. ஆனாலும் மரத்தடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மா, வெள்ளிக்கெழம லீவுன்னு எனக்குத் தெரியும். அக்கா நோட்டுல எழுதியிருந்தா. நான்தான் படிக்காம விட்டேன்" என்றேன். "இன்னொண்ணும் இருக்கு. மாமா பாத்தது அக்காவ இல்ல. என்னத்தான். பாண்டிச்சேரியிலேருந்து திருட்டுத்தனமா வந்தேன். அக்கா தாவணியக் கட்டிக்கிட்டு வந்தேன்."

அம்மா கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. "தாவணிய நீ எடுத்தது எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"அவரு அரக்குத் தாவணின்னாரே, அன்னிக்கே உள்ள போயிப் பொட்டியத் தொறந்து பாத்தேன். நாலு வருஷமா நான் மடிச்சு வச்ச மடிப்பு எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏம்மா வந்த? எல்லாந் தெரிஞ்சும் அதிரசம் சுட்டு, எண்ணெ காச்சி..."

அம்மா முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள். "நீதான்னு புத்திக்குத் தெரிஞ்சுது, ஒருவேள அவளாவும் இருந்துட்டான்னு மனசுதான் கேக்கல. ஒனக்கும் இந்த ஊரு பாக்கணும்னு ஆச போலருக்குன்னு கெளம்புனேன். முந்தாநாளு அவரு கன்னுக்குட்டியச் சொன்னாரே, அது நீ கேட்டதா?"

"இல்லம்மா. நான் அவர்கிட்ட பேசவே இல்ல."

"சத்தியமா?"

"ஒம்மேல சத்தியமா."

அம்மாவின் உதடு அசைந்தது. பிறகு மெதுவாக, யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னாள்: "உசுரோட இருந்தா கன்னுக்குட்டி பொழச்சுதான்னு எதிர்வீட்டுக்காரங்கிட்ட கேட்டுட்டுப் போவாளா? நேரா ஓடி வந்து என்கிட்டல்ல கேப்பா." கம்பியிலிருந்து கையை எடுத்தாள். "எம் பொண்ணு போயிட்டாடி."

நாலு வருஷமாக அப்பாவும் நானும் காத்திருந்த வார்த்தை. அது வந்ததும் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அம்மா சொல்லாத வரைக்கும் அக்காவுக்கு ஏதோ ஒரு மூலையில் இடம் இருந்திருக்கிறது. எனக்கும் உள்ளூர அந்த நம்பிக்கை இருந்திருக்கிறது. அம்மாவை அவசரப்படுத்திய நான் அதைத் தெரிந்துகொள்ளவே இல்லை.

அம்மா கீழே உட்கார்ந்து பையைத் திறந்தாள். அதிரசத் தூக்குக்கும் எண்ணெய்ப் பாட்டிலுக்கும் அடியிலிருந்து பித்தளைச் சொம்பை எடுத்தாள். எதிர்ச்சாரியில் இருந்த தெருக்குழாயைக் காட்டி, "தண்ணி புடிச்சிட்டு வா" என்றாள். பிடித்து வந்து கொடுத்தேன். பூட்டிய கதவுக்கு முன்னால், நடைபாதையில், சொம்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். பம்பை இல்லை, உறவு சனம் இல்லை. போகிற வருகிற ஆட்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஆற்றங்கரையில் கூப்பிட்ட மாதிரி இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று காலையில் எழுப்புவாளே, அந்தக் குரல். உள்ளே மரங்கள் அப்படியே நின்றன. இரண்டாம் தரம் கூப்பிட்டாள். என் தொண்டைக்குள் அன்றைக்கு விழுங்கியது மறுபடியும் ஏறி வந்தது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. மூன்றாம் தரம் கூப்பிட்டபோது அவள் குரல் உடைந்துவிட்டது. இதற்கும் பதில் வராவிட்டால் இந்தத் தண்ணீரை எங்கே கொண்டுபோய் ஊற்றுவாள் என்று நினைத்தேன்.

"வர்றேம்மா" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. என் குரல்தானா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் இன்றுவரை சொல்லி வருகிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்கா போய் நாலு வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன். காவல்காரர்கூட வெளியே எட்டிப் பார்த்தார்.

அம்மா முந்தானையால் சொம்பின் வாயை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நான் அழுது முடிக்கும் வரை பக்கத்தில் நின்றாள். பிறகு வந்த வழியே இரண்டடி நடந்து, திரும்பிப் பார்த்தாள்.

"எதாவது சாப்புட்டுட்டு ரயிலேறலாம்" என்றாள். "ரெண்டு பேரும் வாங்கடி."